கடைசியாக வருபவரின் கணக்கு

விளையாட்டுப் பாடவேளை வந்தாலே வயிற்றுவலி வந்துவிடும் மாணவி எல்லாப் பள்ளியிலும் ஒருத்தி இருப்பாள். எங்கள் பள்ளியில் அவள் எட்டாம் வகுப்பு. மற்றவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடும்போது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எல்லோருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பாள். நான் கணித ஆசிரியர். அது என் பாடவேளை இல்லை. ஆனாலும் அவள் மேல் கண் போய்க்கொண்டே இருந்தது. காரணம், அந்த வயிற்றுவலி எனக்கும் தெரிந்ததுதான். எனக்கு அது 41 வயதில் வந்தது.

சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொன்னார். திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு நடக்க இடம் தேடவேண்டிய வேலை இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. நடந்தேன். விடைத்தாள் திருத்தும் பணி வந்தது, நின்றது. மறுபடி நடந்தேன். வாக்காளர் பட்டியல் பணி வந்தது, நின்றது. மூன்றாவது முறை தொடங்கியபோது, நடையோடு கொஞ்சம் ஓட்டத்தையும் சேர்த்தேன். ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி இருபது நிமிடம். புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்குப் பலரும் சொல்லும் முறை இது. சுடிதாரும், பின்னூசி குத்திய துப்பட்டாவும், முந்நூறு ரூபாய்ச் செருப்புமாக ஓடினேன். "டீச்சர் பஸ்ஸ விட்டுட்டாங்கபோல" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து, பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். கட்டணம் கட்டி, சட்டையில் எண் குத்திக்கொண்டு நின்றபோது பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது, காற்றடைத்த அந்த வளைவு தரையில் துணி மாதிரிக் கிடந்தது. பதக்கப் பெட்டியை ஒட்டிவிட்டார்கள். "முடிஞ்சிடுச்சு மேடம்" என்றார் ஒரு தம்பி. அவர்மேல் தவறு இல்லை, வெயில் ஏறிவிட்டது, அவரும் வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் நான் ஓடிய 10 கிலோமீட்டரும் அவர்கள் கணக்கில் வரவில்லை. என் கணவர் ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குள் வாங்கியிருந்த ஓட்டக் காலணி ஆறு வாரம் பரண்மேல் இருந்தது.

தண்ணீர் கொண்டு வருபவர்

என்னை மறுபடி பாதைக்குக் கொண்டுவந்தது அறிவுரை இல்லை. ஈசான்ய லிங்கத்துக்கு அருகிலுள்ள டீக்கடையில் ஞாயிறு அதிகாலை கூடும் ஒரு கூட்டம் உண்டு. ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர், செவிலியர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி, செல்போன் கடைக்காரர், காவலர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். முன்பு என்னைப் பாதையில் பார்த்திருந்த நடத்துநர் அண்ணன், ஒருநாள் காய்கறிக் கடையில் பிடித்துக்கொண்டார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "டீச்சர், ஞாயித்துக்கிழமை யம லிங்கத்துக்கிட்ட தண்ணி வைக்க ஆள் இல்ல. உங்க வீடு பக்கம்தானே? ரெண்டு கேன் கொண்டாந்து வைக்க முடியுமா?" என்றார்.

ஓட வாருங்கள் என்று கேட்டிருந்தால் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பேன். தண்ணீர் வைக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? வைத்தேன். அடுத்த வாரமும் வைத்தேன். மூன்றாவது வாரம், "வெச்சுட்டு இங்கிருந்து எங்களோட வந்துடுங்களேன்" என்று செவிலியர் அக்கா சொன்னார். போனேன்.

அந்தக் கூட்டத்துக்கு எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. ஆனால் பழக்கங்கள் உண்டு. முக்கியமானது 'வால்'. ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வால். அன்று அவர் யாரையும் முந்தக்கூடாது. யார் கடைசியோ அவருக்கு இரண்டடி பின்னால்தான் வருவார். மலையேற்ற ஓட்டங்களிலும் பெரிய மாரத்தான்களிலும் இந்த வேலைக்கு ஆள் போடுவார்கள். எங்கள் கூட்டத்தில் அது முறைவைத்து எல்லோருக்கும் வரும். 10 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் ஓடும் காவலருக்கும் வரும். முதல் ஞாயிறு அவர்தான் எனக்கு வால். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் எடுக்கும் என் பின்னால், மாமியார் வீட்டு விருந்து பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. நிருதி லிங்கம் தாண்டியதும் நாய்கள் வரும், அங்கே மட்டும் எனக்கு முன்னால் போனார்.

இரண்டாவது பழக்கம், கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் டீ குடிப்பதில்லை. இதைக் கேட்டால் நல்ல பழக்கம் என்றுதான் தோன்றும். கடைசியாக வருபவருக்கு முதலில் இது பெரும் பாரம். பன்னிரண்டு பேர் என்னால் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் கடைசி இரண்டு கிலோமீட்டர் அழுகை வரும். ஒருநாள் செவிலியர் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எல்லோருடைய நேரத்தையும் எழுதிவைக்கும் நோட்டு என்னிடம் வந்தது. "கணக்கு டீச்சர் வந்தாத்தான் கணக்கு" என்று அண்ணன் அறிவித்துவிட்டார். இப்போது அவர்கள் காத்திருப்பது நோட்டுக்காக. அதே டீ, அதே காத்திருப்பு, ஆனால் பாரம் இறங்கிவிட்டது.

இந்த வித்தியாசத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அன்பாக இருந்தார்கள், அதனால் ஒட்டிக்கொண்டேன் என்று சொல்வது பாதி உண்மை. என்மேல் இரக்கம் காட்டிய நாட்களில் எனக்கு ஓடிவிடத் தோன்றியது. நான் வராவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும் என்றான பிறகுதான் அது என் கூட்டமாயிற்று. எட்டு மாதம் கழித்து, வால் முறை எனக்கே வந்தது. மாரடைப்புக்குப் பின் மருத்துவர் அனுமதியோடு நடக்கத் தொடங்கியிருந்த ஒருவருக்குப் பின்னால், மூன்று கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் நடந்தேன். இதுவரை நான் ஓடியதிலேயே எனக்குப் பிடித்த ஞாயிறு, நான் ஓடாத அந்த ஞாயிறுதான்.

பிறகு சென்னையில் ஓர் அரை மாரத்தான் ஓடினேன். 21.1 கிலோமீட்டர், 3 மணி 5 நிமிடம். கடற்கரைப் புழுக்கத்தில் பதினேழாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. தன் நேரத்தை விட்டுவிட்டு என்னோடு நின்றவர் செவிலியர் அக்கா. அதைப் பற்றி இங்கு அதிகம் எழுதப்போவதில்லை.

பேருந்தும் துப்பாக்கியும்

டீக்கடையில் செல்போனில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் காணொளி தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921-இல் தொடங்கியது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 88 கிலோமீட்டர். முதல் ஆண்டு 34 பேர் புறப்பட்டு 16 பேர் முடித்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள், பெரும்பாலும் நம்மைப் போல் வேலைக்குப் போகிறவர்கள். 12 மணி நேரம்தான் கெடு. அந்த நொடியில் துப்பாக்கி வெடிக்கும். அதற்குப்பின் ஓரடி தூரத்தில் இருந்தாலும் பதக்கம் இல்லை.

இவ்வளவு கறாரான ஓட்டத்தில் 'பேருந்து' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் தான் முடிக்கப்போகும் நேரத்தை எழுதிய கொடியோடு ஓடுவார். அவர்தான் ஓட்டுநர். எங்கே நடப்பது, எங்கே ஓடுவது என்று அவர் சொல்வார். பின்னால் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்துகொள்வார்கள், பாடிக்கொண்டே போவார்கள். முன்பின் தெரியாதவர் தடுமாறினால் இருவர் தோள் கொடுப்பார்கள். எங்கள் நடத்துநர் அண்ணனுக்கு இந்தக் காட்சி மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. "டிக்கெட் இல்லாத பஸ்" என்பார். 12 மணி நேரத்தை 88-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 11 வினாடி வருகிறது. என் கிரிவல வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் நாள் முழுக்க! கெடு தளரவில்லை, கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்க்க ஆள் இருக்கிறார். வகுப்பறையில் நாம் பெரும்பாலும் கெடுவைத் தளர்த்துகிறோம் அல்லது ஆளை விட்டுவிடுகிறோம்.

நான் செய்த தவறு

இதையெல்லாம் பள்ளிக்குக் கொண்டுவந்தபோது முதல் முயற்சியே தப்பாகப் போனது. அதை மறைக்காமல் எழுதவேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் ஆசிரியர்கள் முதலில் செய்யப்போவதும் அதுவாகத்தான் இருக்கும்.

நெடுந்தூர நாட்டுப்புற ஓட்டத்தில் குழுக் கணக்கு ஒன்று உண்டு. பல போட்டிகளில் ஒரு குழுவுக்கு ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐவர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. ஒரு குழு 1, 2, 3, 18, 26 ஆகிய இடங்களில் வந்தால் மொத்தம் 50. இன்னொரு குழு 6, 7, 9, 11, 12 என்று வந்தால் 45. முதல் மூன்று இடத்தையும் பிடித்த குழு தோற்றுப்போகிறது. ஐந்தாவது ஆள்தான் முடிவு செய்கிறார். கணக்கு வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா என்று துள்ளினேன். உடற்கல்வி ஆசிரியர் சாரிடம் பேசி, எட்டாம் வகுப்பு 35 பேரையும் ஐந்து குழுவாக்கினேன். 'எல்லோரும் முக்கியம்' என்று காட்டவேண்டும் என்ற ஆசையில், ஐவருக்குப் பதில் ஏழு பேர் இடத்தையும் கூட்டச் சொன்னேன். வேப்பமரத்தடிப் பெண்ணையும் ஒரு குழுவில் சேர்த்தேன்.

அவள் 35-ஆவதாக வந்தாள். அவள் குழு இரண்டு புள்ளியில் தோற்றது. "உன்னாலதான்டீ" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கடைசி ஆள் எண்ணப்படவேண்டும் என்று நினைத்தேன். கடைசி ஆள்மேல் பழிபோட ஒரு துல்லியமான எண்ணைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. எங்கள் பகுதியில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை காரணமில்லாமல் இரண்டு நாள் வராவிட்டால், அதற்கு என்ன அர்த்தம் ஆகலாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர். தினமும் நடந்து வருகிறாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. வாசலில் அவள் அண்ணனுக்கு அரசு கொடுத்த மிதிவண்டி நின்றிருந்தது. "மைதானம் எத்தனை மீட்டர்னு அளக்கணும். சைக்கிள் இல்லாம வேலை நிக்குது. நாளைக்கு எடுத்துட்டு வர்றியா?" என்றேன். காய்கறிக் கடையில் அண்ணன் பேசிய அதே குரல் எனக்கு வந்தது.

சொன்ன நேரத்துக்கு வருதல்

மறுநாள் சைக்கிளோடு வந்தாள். சக்கரத்தின் விட்டம் 66 செ.மீ. என்று பிள்ளைகள் அளந்தார்கள். 22/7-ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 207 செ.மீ. சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மைதானத்தின் ஓரமாகத் தள்ளிக்கொண்டே சுற்றுகளை எண்ணினார்கள். 87 சுற்று. அதாவது 180 மீட்டர். ஐந்தரை முறை சுற்றினால் 990 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் குறைவு. சைக்கிளைத் தள்ளியது அவள்தான், வேறு யாரிடமும் கைப்பிடியைக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் விதியை மாற்றினேன். ஓட்டக் கூட்டங்களில் வேடிக்கைக்காக நடத்தும் ஒரு முறை இருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, எவ்வளவு நேரத்தில் முடிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். சொன்ன நேரத்துக்கு மிக அருகில் வருபவர் வென்றவர். வேகமாக வந்தாலும் தப்பு, மெதுவாக வந்தாலும் தப்பு. ஐந்தைந்து பேராக ஏழு குழு. ஒவ்வொருவரும் 990 மீட்டருக்குத் தன் நேரத்தைச் சிலேட்டில் எழுதவேண்டும். ஓட்டமோ நடையோ அவரவர் விருப்பம். ஒரு நேரத்தில் ஒரு குழு ஓடும், மற்ற குழுவிலிருந்து ஒருவருக்கு ஒருவர் என்று சுற்று எண்ண ஆள். சுற்று முடிய முடிய அவர் கையில் ஒரு புளியங்கொட்டை கொடுப்பார். இல்லாவிட்டால் சண்டை வரும்.

வகுப்பிலேயே வேகமான பையன் 4 நிமிடம் என்று எழுதினான். முதல் சுற்றைப் பறந்துவிட்டு, நான்காவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். 5 நிமிடம் 12 வினாடி. 72 வினாடி தவறு. அவள் 9 நிமிடம் 30 வினாடி என்று எழுதியிருந்தாள். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் வேக நடை, எந்தச் சுற்றிலும் மாற்றமில்லை. 9 நிமிடம் 34 வினாடி. நான்கு வினாடி. தினமும் மணியடிப்பதற்குள் மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் பிள்ளைக்குத் தன் கால் என்ன செய்யும் என்று தெரிந்திருக்கிறது. வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

அவள் குழுவின் தவறுகள் 4, 31, 22, 15, 47. மொத்தம் 119 வினாடி. பையனின் குழுவுக்கு 188. யாரும் யாரையும் கத்தவில்லை. அந்தப் பையன் அவளிடம் போய், "எப்படிப் பிள்ள கரெக்டா சொன்ன?" என்று கேட்டான். அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் முதல் இரண்டு சுற்றை அவள் கூடவே ஓடினான். "இவகூட ஓடுனா மூச்சு வாங்கல டீச்சர்" என்றான்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓரிரண்டு நடைமுறைச் செய்திகள். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் உண்டு, கேட்டுவிட்டுத்தான் ஓடவிடவேண்டும். மதிய உணவுக்குப் பின்னான பாடவேளையில் வேண்டவே வேண்டாம். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை ஒதுக்கிவிடும் பெண்கள் யார் என்பது இந்த ஓட்டத்தில் தானாகத் தெரிந்துவிடும், அவர்களை உட்காரவைத்து நேரம் எழுதச் சொல்லலாம். மாதவிடாய் நாளில் ஓடுவதும் ஓடாததும் அவள் விருப்பம், ஆண் ஆசிரியர்கள் காரணம் கேட்காமல் விட்டுவிடவேண்டும். கணக்கு வகுப்பில் இதே எண்களை வைத்து சராசரி, சதவீதப் பிழை, நேரமும் வேகமும் எதிர் விகிதத்தில் இருப்பது எல்லாம் நடத்தலாம். நான் மூன்று பாடவேளை நடத்தினேன். நான்காவதில் தலைமையாசிரியர் பாடத்திட்டத்தை நினைவூட்டினார். அதுவும் நியாயம்தான்.

ஒரு படத்தைக் காட்டியதையும் சொல்லவேண்டும். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் 261 என்ற எண்ணோடு ஓடியபோது, அதிகாரி ஒருவர் பாய்ந்து அந்த எண்ணைப் பிய்க்க முயன்ற படம். பெண்களுக்கு அங்கே அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-இல். பெண் பிள்ளைகள் அந்த அதிகாரியின் முகத்தையே பார்த்தார்கள். வேப்பமரத்தடிப் பெண் மட்டும், "பக்கத்துல ஓடுறவங்க யாரு டீச்சர்?" என்று கேட்டாள். ஒருவர் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர், அதிகாரியைத் தள்ளிவிட்டவர் அவருடைய நண்பர், சேர்ந்தேதான் ஓடினார்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

காலாண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. இன்னும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை, தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவள்தான் பார்க்கவேண்டும். ஆனால் வராத நாளில் அவள் குழுவிலிருந்து ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நான் அனுப்புவதில்லை. ஓட்ட நோட்டும் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை அந்த நோட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை மலை சுத்தி வர எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். ஞாயிறு அன்று குபேர லிங்கம்வரை சரியாகத்தான் வந்தேன். அதற்கப்புறம் பௌர்ணமிக்குப் போட்ட தடுப்புக் கம்பிகளை இன்னும் எடுக்காமல் இருந்தார்கள், சுற்றிப் போகவேண்டியதாயிற்று. திங்கட்கிழமை காலை வாசலிலேயே காத்திருந்தாள். 2 மணி 6 நிமிடம் என்று சொன்னேன், கம்பி விஷயத்தையும் சொன்னேன்.

"அதெல்லாம் இல்ல டீச்சர், ஆறு நிமிஷம் தப்பு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.